உள்ளறைச் சுவர்

2010ஆம் ஆண்டு, ஏழு வருடங்களுக்குப் பின்னர் யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலுள்ள எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது மண்டபத்துச் சுவரில் பூத்துக் கிடந்த உப்புத்தான். தரையிலிருந்து இடுப்பளவுக்குப் பஞ்சு ஒட்டிவைத்தாற்போல வெள்ளையாகப் பொங்கியிருந்தது. அதற்கு மேலே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. விரலால் தொட்டேன். ஒரு சாண் அகலத் துண்டு கழன்று காலடியில் விழுந்து உடைந்தது. உள்ளே கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலிருந்த பழைய சாந்து மாவாகி உதிர்ந்துகொண்டிருந்தது.

அந்தச் சுவரைப் பழுதாக்கியவன் நான்தான். யுத்தத்தின் மீதோ மழையின் மீதோ பழியைப் போட்டுவிட்டுப் போகலாம். பல காலம் அப்படித்தான் மற்றவர்களுக்குச் சொல்லியும் வந்தேன்.

வாப்பாவின் வாப்பா கட்டிய வீடு அது. ஒன்றரை அடி கனமான சுவர்கள். கல், சுண்ணாம்பு, மணல் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் அதில் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணக்கல்லின் மேல்தான் இருக்கிறது. கிணறு வெட்டினால் வருவதும் கல்தான், வீடு கட்டுவதும் அதே கல்லால்தான், அந்தக் கல்லைச் சூளையில் சுட்டு நீற்றினால் வருவது சாந்து. உள்சுவர்களில் அந்தச் சாந்தை இரண்டு மூன்று தரமாகப் பூசி, மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு ஒன்று கொடுத்திருந்தார்கள். வருடத்துக்கு ஒரு தடவை, நோன்புப் பெருநாளுக்கு முன்னர், வாப்பா ஆள் பிடித்துச் சுண்ணாம்பு அடிப்பார். கொஞ்சம் நீலம் கலப்பது உம்மாவின் பொறுப்பு. நீலம் கூடிவிட்டால் வாப்பாவுக்குக் கோபம் வரும்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் அந்த வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டோம். அந்தக் கதை இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அதை மறுபடி எழுதப் போவதில்லை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் வாப்பா அடிக்கடி கேட்ட கேள்வி, “இந்த வருஷம் வெள்ளை அடிக்கல்லையே, சுவர் என்னவாயிருக்கும்?” என்பது. கதவையோ, பெட்டகத்தையோ, கடையில் விட்டு வந்த சாமானையோ பற்றி அவர் அவ்வளவு கேட்டதில்லை. 1999இல் புத்தளத்திலேயே மௌத்தானார்.

2002இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டதும் நான் தனியாக யாழ்ப்பாணம் போனேன். எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளுக்குக் கூரை இல்லை. நிலை, யன்னல், தீராந்தி எல்லாம் பிடுங்கப்பட்டு, சுவர்களுக்குள் ஆலும் அரசும் முளைத்திருந்தன. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்கு மேலே கூரை இருக்கும் வரைதான் ஆயுள். மழை நேராகச் சுவரின் தலையில் இறங்கத் தொடங்கினால் சாந்து கரைந்து கல் தனித்துப் போகும். ஆனால் எங்கள் வீட்டில் கூரை இருந்தது. உள்ளே ஆட்களும் இருந்தார்கள்.

மயிலிட்டிப் பக்கத்துக் குடும்பம். 1990 ஜூனில் அங்கிருந்து இடம்பெயர்ந்து, பிறகு 1995 இடப்பெயர்விலும் அலைந்து, 1996இல் திரும்பி வந்தபோது காலியாகக் கிடந்த எங்கள் வீட்டில் குடியேறியிருந்தார்கள். அந்த வீட்டு அக்கா எனக்குத் தேத்தண்ணீர் தந்தார். நான் உட்கார்ந்த கதிரையும் என்னுடையதல்ல, குடித்த கோப்பையும் என்னுடையதல்ல, சுவர் மட்டும் என்னுடையது. அந்தச் சுவரில், மண்டபத்திலிருந்து உள்ளே போகும் வாசலுக்குப் பக்கத்தில், வாப்பா எங்கள் உயரத்தை அளந்து போட்ட பென்சில் கோடுகள் இருந்தன. ராத்தா, நான், தம்பி. அந்தக் கோடுகளுக்கு இடையில், கரியால், வேறு பிள்ளைகளின் கோடுகளும் இருந்தன.

எனக்கு அன்று வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் குடியிருந்தது பெரிதாகப் படவில்லை. கோடு போட்டதுதான் பொறுக்கவில்லை.

“இது உங்கட வீடுதானே தம்பி. ஒரு ரெண்டு மாசம் தாங்கோ, நாங்கள் எங்கயாவது பாக்கிறம்” என்றார் அவர். நான் சரியென்றேன். அதற்கு மேல் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. சொன்னபடியே போனார்கள். வளவு கூட்டி, குசினி மெழுகி, திறப்பை அயலில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் இருந்ததால்தான் கூரை தப்பியது, கூரை தப்பியதால்தான் சுவர் நின்றது என்பது எனக்கு உறைக்க இன்னும் பல வருடங்கள் ஆயின.

2003இல் நான் செய்த முதல் வேலை அந்த மண்டபத்துச் சுவரைச் சீமெந்தால் மூடியது. சுண்ணாம்புப் பூச்சை ஆங்காங்கே கொத்திவிட்டு அரை அங்குலத்துக்குச் சீமெந்துச் சாந்து பூசி, வழுவழுப்பாக இழுத்து, இரண்டு கோட் பெயின்ட் அடித்தோம். மூன்று நாளில் முடிந்தது. அவர்களுடைய கோடும் போயிற்று, எங்களுடைய கோடும் போயிற்று. எங்களுடையதை ஒரு தாளில் பிரதி எடுத்து வைத்திருந்தால்கூட ஆகியிருக்கும். அது அன்று தோன்றவில்லை. பார்க்க வீடு புதிதாக இருந்தது. 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது. பிறகு 2010இல்தான் அந்த உப்பைக் கண்டேன்.

இதன் காரணத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று. பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பழைய சுவர்களுக்கு அடியில் ஈரந்தடுக்கும் படை எதுவும் கிடையாது. நிலத்தின் ஈரத்தைச் சுவர் உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் ஏராளம், ஆகையால் ஏறிய ஈரம் அவற்றின் வழியே காற்றில் போய்விடும். எங்கள் பகுதியில் கிணற்றுத் தண்ணீரே சவர். நிலத்து ஈரத்திலும் உப்பு உண்டு. ஈரம் போகும்போது உப்பு மேற்பரப்பில் தங்கும். வாப்பா காலத்தில் அதை வருடா வருடம் தட்டித் துடைத்து வெள்ளை அடித்தார்கள். அந்த வெள்ளையோடு உப்பும் உதிர்ந்தது. சுவருக்கு அது ஒரு வகைச் சுத்திகரிப்பு.

சீமெந்துப் பூச்சு இறுக்கமானது. அதன் மேல் பெயின்டும் பூசினால் வெளியே போகும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். ஈரம் என்ன செய்யும்? மேலே ஏறும். முழங்கால் மட்டத்தில் நின்றது இடுப்புக்கு வரும். உப்பு சீமெந்துக்குப் பின்னால், பழைய சுண்ணாம்பும் புதிய பூச்சும் சேருமிடத்தில் பளிங்காக உறையும். உறையும் உப்பு இடம் கேட்கும், தள்ளும். சீமெந்து தன்னிலும் பலம் குறைந்த சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டிருப்பதால், தான் விழும்போது அதையும் உரித்துக்கொண்டே விழும். வெறும் வெள்ளைக்குள் மறைந்திருந்தால் என்றாவது ஒருநாள் சுரண்டி எடுத்திருக்கக் கூடிய கோடுகள், அப்படித்தான் பூச்சோடு சேர்ந்து துண்டு துண்டாகப் போயின.

2010இல் இது எதுவும் தெரியாமல் இன்னொரு பிழையும் செய்தேன். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். கழுவிய அன்று சுவர் பளிச்சென்றிருந்தது. உப்பெல்லாம் கரைந்து திரும்பவும் உள்ளேதான் போயிருந்தது. அடுத்த மாரி முடிந்ததும் இரட்டிப்பாகப் பூத்தது.

அதன் பிறகு வீட்டைப் பூட்டிவிட்டுப் புத்தளத்துக்கே போய்விட்டேன். பிள்ளைகளின் படிப்பு, என் உத்தியோகம் என்று காரணங்கள் இருந்தன. 2017இல் கொழும்பிலிருக்கும் தம்பி விற்றுவிடலாம் என்றான். வாங்க வந்தவர் காணியைத்தான் பார்த்தார், வீட்டைப் பார்க்கவில்லை. ராத்தா எதுவும் சொல்லாமல் அழுதார். நான் ஒரு வருடத் தவணை கேட்டேன். வீட்டை மனிதர் இருக்கக் கூடியதாக்கிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் விற்போம் என்று தம்பியோடு பேசி முடித்தேன்.

முதலில் வந்த கொந்தராத்துக்காரர் சுவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் கல்லுத் தெரியக் கொத்திப்போட்டு, நல்ல சீமெந்தாப் பூசினால் சரி சேர்” என்றார். உள்ளறையையும் சேர்த்துத்தான். எனக்கு ஒரு தரம் சுட்டது போதும். இரண்டாவதாக ஒரு வயதான மேசன் வந்தார். இளமையில் தகப்பனோடு சுண்ணாம்பு வேலை செய்தவர். யுத்தத்திற்குப் பிறகு யாழ்ப்பாணக் கோட்டையின் புனரமைப்பு வேலையில் சில காலம் நின்று, மறந்த கையைத் திரும்பப் பழக்கிக்கொண்டவர். வந்தவர் ஒன்றும் பேசாமல் சாந்தகப்பையின் மரப்பிடியால் சுவரைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டு போனார். பிடிப்புள்ள இடம் ‘டொக்’ என்றது, பிடிப்பு விட்ட இடம் பானையைத் தட்டியதுபோல் கேட்டது. விட்ட இடங்களைக் கரிக்கட்டியால் வட்டமிட்டார். முடிவில் பார்த்தால், மண்டபத்தைத் தவிர மற்ற அறைகளில் வட்டங்கள் நான் பயந்த அளவுக்கு இல்லை.

“தம்பி, இது நோய் வந்த சுவரில்லை. மூச்சு முட்டின சுவர். சீமெந்தை மட்டும் எடுங்கோ. எடுத்துப்போட்டு என்னைக் கூப்பிடாதேங்கோ.”

“பிறகு எப்ப ஐயா கூப்பிட?”

“சோளகம் பிறக்கட்டும்.”

பெப்ரவரியில் சீமெந்தை எடுத்தோம். உளியைச் சரித்துப் பிடித்து, சிறு சுத்தியலால், உள்ளேயுள்ள கல் அதிராமல் எடுக்க வேண்டியிருந்தது. மூன்று நாளில் பூசியதை எடுக்கப் பதினாறு நாள் சென்றது. பிறகு யன்னல்களைத் திறந்துவிட்டுச் சும்மா இருந்தோம். உப்புப் பூக்கப் பூக்க உலர்ந்த தூரிகையால் தட்டி, பத்திரிகைத் தாளில் ஏந்தி, வளவுக்கு வெளியே கொட்டினேன். தண்ணீர் தொடவில்லை. ஏப்ரலில் மேசன் ஐயா ஒருநாள் வந்து, மணலும் சுண்ணாம்பும் கலந்து மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசினார். அழகாக இருந்தது. “இது நிக்கிறதுக்கில்லை, உப்பை இழுத்துக்கொண்டு விழுறதுக்கு” என்றார். ஆறு வாரத்தில் அதைச் சுரண்டி எடுத்தோம்.

இந்த இடைவெளியில் சுண்ணாம்பு தயாரானது. கடையில் வெள்ளையடிக்க விற்கும் பழைய மா சரிவராது என்றார். சுட்ட கல்லாகவே தேடி வாங்கினோம். முன்னர் இலங்கையின் தென்கரையில் முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்தார்கள். கடலரிப்பின் காரணமாகக் கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பது 1988இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அது நல்லதற்குத்தான். எங்களுக்குக் கிடைத்தது நிலத்துக் கல். அதைப் பீப்பாவில் தண்ணீருக்குள் போட்டபோது சோற்றுப் பானைபோலக் கொதித்தது. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் இல்லாமல் கிட்டப் போக விடவில்லை அவர். ஆறியதும் அரித்து, மேலே தண்ணீர் நிற்கக்கூடியதாக மூடி மூன்று மாதம் வைத்தோம். திறந்தபோது எருமைத் தயிர்போல இருந்தது.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். எங்கள் கிணற்றுத் தண்ணீரை அவர் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். நல்ல தண்ணீர் பவுசரில் வந்தது. சாந்து இறுகலாக இருக்கிறதென்று கூட வந்த பையன் தண்ணீர் ஊற்றப் போனான். “ஊத்தாதை. அடி. அடிச்சால் இளகும்” என்று தடுத்தார். உண்மையில் இளகியது. பழைய ஆட்கள் பனங்கட்டியும் கடுக்காயும் ஊறவைத்த தண்ணீர் சேர்ப்பார்கள் என்றும் சொன்னார். எங்கள் வேலைக்கு அது தேவைப்படவில்லை. முதல் படைக்குள் தும்பை ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கிச் சேர்த்தார், செங்கல் தூளும் சிறிது.

சுவரை முதல்நாளே நனைத்து, அன்று காலையிலும் நனைத்து, முதல் படையைக் கையால் எறிந்தாற்போல அப்பினார். விரல் கனத்துக்கு மேல் ஒருபோதும் இல்லை. அது பாதி இறுகும்போது ஆணியால் குறுக்கும் மறுக்குமாகக் கீறினார், அடுத்த படைக்குப் பிடி வேண்டுமென்று. படைக்குப் படை பத்து நாளாவது விட்டார். யன்னல்களில் நனைத்த சாக்குத் தொங்கியது. சோளகக் காற்று நேராகப் பட்டால் சாந்து இறுகுவதற்கு முன் காய்ந்து வெடிக்கும். சுண்ணாம்பு காய்வதால் மட்டும் இறுகுவதில்லை, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல எடுத்துத் திரும்பக் கல்லாகிறது. அதற்கு ஈரமும் வேண்டும், அவகாசமும் வேண்டும். சுபஹ் தொழுதுவிட்டு வந்து சாக்கு நனைப்பது எனக்கு ஒரு கடமையாகிவிட்டது. என் பையன் தொலைபேசியில் “இன்னும் முடியலையா வாப்பா?” என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதை விட்டுவிட்டான்.

பழைய பூச்சும் புதிய பூச்சும் சேரும் ஓரங்களை அவர் நேராக வெட்டவில்லை, உட்புறம் சரித்து வெட்டினார். மட்டப்பலகை வைத்து இழுக்கலாமே என்று கேட்டேன். “பழைய சுவர் அலை அலையாத்தான் இருக்கும். இதை மட்டும் மட்டமா இழுத்தால் ஒட்டுப்போட்ட சாரம் மாதிரித் தெரியும்” என்றார். 

உள்ளறைக்கு ஓகஸ்டில்தான் வந்தோம்.

உம்மா எங்கள் மூவரையும் பெற்ற அறை அது. கதவுக்குப் பின்னால், நெஞ்சு மட்டத்தில், வாப்பா பென்சிலால் எழுதி வைத்திருந்தார். ஹிஜ்ரி மாதம், ஆங்கிலத் திகதி, கிழமை, நேரம், ஆண் அல்லது பெண். மூன்று வரி. வெள்ளையடிக்கும் ஆளை அந்த இடத்தில் தூரிகை வைக்க வாப்பா விட்டதில்லை. 2002இல் அந்தக் கதவு விரியத் திறந்து சுவரோடு சாய்ந்து நின்றது, நானும் பின்னால் பார்க்கவில்லை. 2003இல் என் கோபம் மண்டபத்தோடு முடிந்துவிட்டது. 2010இல் உப்பைத் தவிர வேறெதையும் பார்க்கும் மனநிலை இல்லை. மேசன் ஐயாதான் கதவைச் சாத்திவிட்டு டோர்ச் அடித்துக் கூப்பிட்டார்.

வாப்பாவின் மூன்று வரிக்கும் கீழே, அதே இடைவெளி விட்டு, வேறு கையெழுத்தில் நான்காவதாக ஒரு வரி இருந்தது. 1997, மார்ச், வியாழன், விடியப்புறம், பெண். ஹிஜ்ரி மாதம் இருக்க வேண்டிய இடத்தில் பங்குனி என்று இருந்தது. எழுதியவர் வாப்பாவின் வரிகளை வாசித்து, அவற்றின் ஒழுங்கைப் பார்த்து, அதன்படியே எழுதியிருக்கிறார். எங்கள் வரிகளில் ஓர் எழுத்துக்கூட அழிபடவில்லை. அவர்களும் ஆறு ஏழு வருடம் அந்த இடத்தில் தூரிகை வைக்காமல்தான் வெள்ளையடித்திருக்கிறார்கள்.

அந்த இடம் முழுவதும் பிடிப்பு விட்டிருந்தது. தட்டினால் பானைச் சத்தம்.

“இதுக்கு என்ன செய்வம் தம்பி? கொத்தினால் ஒரு மணித்தியால வேலை.”

நான் பதில் சொல்லாததைப் பார்த்து அவரே மருந்துக் கடைக்குப் பையனை அனுப்பி நாலு பெரிய ஊசிக்குழாய் வாங்குவித்தார். எழுத்தில்லாத இடங்களில் மெல்லிய துளைகள் போட்டார். முதலில் தண்ணீர் ஏற்றி உள்ளேயிருந்த தூசியை நனைத்தார். பிறகு வெகு மெல்லிசாகக் கரைத்து அரித்த சுண்ணாம்பை, கீழ்த் துளையிலிருந்து தொடங்கி, மேல் துளையால் எட்டிப் பார்க்கும் வரை ஏற்றினார். துணி சுற்றிய பலகையை எழுத்தின் மேல் வைத்து, எதிர்ச் சுவரிலிருந்து ஒரு கம்பால் முட்டுக் கொடுத்தார். ஒன்பது நாள் அந்த முட்டு நின்றது. அந்த ஒன்பது நாளும் பலகையை எடுத்தால் எழுத்து துணியோடு வந்துவிடுமோ என்ற பயத்தில் எனக்குச் சரியான நித்திரை இல்லை.

வரவில்லை. கீழ் வரியில் ‘விடியப்புறம்’ என்பதில் ஓர் எழுத்து மங்கியது. அதை நான் திருத்தி எழுதவில்லை.

அந்தக் குடும்பத்தைத் தேடிப் பார்த்தேன். 2017இல் மயிலிட்டியின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்ட பிறகு அங்கும் போய் விசாரித்தேன். அவர்கள் வெளிநாடு போய்விட்டதாக ஒருவர் சொன்னார், வன்னியில் இருந்தார்கள் என்று இன்னொருவர் சொன்னார். வன்னி என்ற சொல்லுக்குப் பிறகு மேலே கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பதை நெருங்கும் வயது.

தம்பி டிசம்பரில் வந்தான். மண்டபத்தில் நின்று சுவரைத் தடவிப் பார்த்தான். புதிய பூச்சு பழையதைவிட ஒரு சாயல் வெளுப்பாகத்தான் தெரிகிறது, அதைச் சொல்லிக் குறையும் சொன்னான். உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “நாலாவது ஆரு?” என்றான். சொன்னேன். விற்பனைப் பேச்சை அவன் அந்தப் பயணத்தில் எடுக்கவில்லை. அடுத்த பயணத்தில் எடுத்தான், இப்போதும் அவ்வப்போது எடுப்பான்.

ராத்தா வந்தபோது எழுத்தின் அளவுக்குக் கண்ணாடி போட்ட சட்டம் ஒன்று புத்தளத்திலிருந்தே செய்து கொண்டுவந்திருந்தார். மேசன் ஐயா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல வேலை என்று பாராட்டினார். “ஆனால் பூட்ட வேண்டாம் தங்கச்சி. கண்ணாடி போட்டால் உள்ளுக்கு வேர்க்கும். வேர்த்தால் எழுத்துப் போயிடும்” என்றார். ராத்தாவுக்கு முகம் வாடிவிட்டது. அந்தச் சட்டம் இன்னும் அலுமாரிக்குப் பின்னால் சாத்திக் கிடக்கிறது.